கிணறுகள் பெருகிய தாலுகா

மேற்கு இந்தியாவில் உள்ள ஒரு மாவட்டம் விஜயரத்தினத்துக்குத் தலைகீழ்ப் பாடம். அதன் பதினொரு தாலுகாக்களையும் வரிசை மாறாமல் சொல்வார். எதில் எத்தனை எருமை, எத்தனை தபால் நிலையம், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் பதில் வரும். அந்த மாவட்டத்தை அவர் பார்த்ததில்லை. இந்தியாவிலேயே கால் வைத்ததில்லை. கொழும்பில் ரஷ்ய விமானம் ஏறி, மொஸ்கோவில் ஒரு பகல் காத்துக் கிடந்து, கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து அகதி என்று மேற்கு ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பப்பட்டவர் அவர். அது எண்பத்து நான்காம் வருடம். பார்க்காத ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது அவருக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் அதைத்தான் செய்தார்.

அந்த மாவட்டத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. குஜராத்தி பாதி, மராத்தி பாதி பேசும் மலையோரப் பகுதி, மழையை நம்பிப் பிழைக்கும் இடம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அந்த மாவட்டத்தை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் சியாமளா. திருச்சிக்காரி, வயது இருபத்தொன்பது, பான் பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆராய்ச்சி. அவளுடைய ஆய்வுக்கூடம் அந்த மாவட்டத்தின் விவரத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. நிலம், மழை, சாதி, பயிர், பாதை, பள்ளிக்கூடம், கிணறு என்று இருநூற்றுச் சொச்சம் பக்கம். வெறும் அறிவுக்காக இல்லை. ஜெர்மன் உதவியில் அங்கே குடிநீர்க் கிணறுகள் தோண்டப் போகிறார்கள். எந்தத் தாலுகாவில் ஒரு கிணற்றை முந்நூறு பேருக்கு மேல் நம்பியிருக்கிறார்களோ அந்தத் தாலுகாவுக்குக் கிணறு உண்டு. முந்நூறுக்குக் கீழே என்றால் இல்லை. அச்சான தொகுப்பைப் பார்த்துத்தான் பட்டியல் போடுவார்கள்.

அச்சுக்குப் போகும் முன்னால் எண்களைச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தாளை வாசிக்க, இன்னொருவர் தட்டச்சுப் பிரதியைப் பார்த்துச் சரி போட வேண்டும். முதலில் ஜெர்மன் மாணவன் ஒருவனை வாசிக்க வைத்தாள். அவர்கள் மொழியில் இருபத்து நான்கை நான்கும் இருபதும் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவன் ஆங்கிலத்தில் வாசிக்கும்போதும் இருபத்து நான்கு நாற்பத்திரண்டாகி, ஒரு வாரத்து வேலை குட்டிச்சுவரானது. நம்மவர் யாராவது கிடைப்பார்களா என்று பொங்கல் விழாவுக்கு வந்தவர்களிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்தார் எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். விஜயரத்தினம் கச்சேரியில், அதாவது மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியின் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அவர் வேலையே வருடா வருடம் தன் மாவட்டத்துக்குக் கைநூல் தயாரிப்பதுதான்.

அகதி விண்ணப்பம் முடியாதவருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே பதிவேட்டில் அவர் விருந்தாளி. செவ்வாயும் வியாழனும் பிற்பகல் இரண்டு மணிக்கு, தேய்த்த சட்டையும் யாரோ கொடுத்த கோட்டுமாக வந்து உட்கார்வார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். ஆங்கிலத்தில், பழைய கச்சேரி ராகத்தில், எண்களை வாசிப்பார். சியாமளா சிவப்புப் பென்சிலால் சரி போட்டுக்கொண்டே வருவாள். ஐந்து மணிக்குப் புளிச்சோறோ தயிர்ச்சோறோ டப்பாவில் கொடுத்து அனுப்புவாள். இரண்டு வருடமாக அகதி விடுதிக் கட்டிலில் சும்மா கிடந்த மனிதரைத் தேவை என்று ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். அவர் சந்தோஷமாக இருந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கும் புதன் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

எண்பத்தாறு அக்டோபரில் எட்டாவது தாலுகாவுக்கு வந்தார்கள். பெயர் கர்வண். இருபத்து மூன்று கிராமம், பன்னீராயிரத்துத் தொள்ளாயிரம் பேர். கால்நடைப் பட்டியலைப் பாதி வாசித்த விஜயரத்தினம் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். முந்திய வருடங்களின் தாள்களையும் ஒருக்கா எடுக்கச் சொன்னார். சியாமளா பத்து வருடத் தாள்களை மேசையில் பரப்பினாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தார். மாடு, எருமை, ஆடு, எல்லாமே வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம் கூடியிருந்தன. மழை பொய்த்த வருடத்திலும் மூன்று. அதற்கு அடுத்த வருடத்திலும் மூன்று. பக்கத்துத் தாலுகாக்களில் மாடுகள் செத்து எண்ணிக்கை பாதியாயிருக்க, கர்வண் மாடுகள் மட்டும் வாடாமல் பெருகியிருந்தன.

அது மட்டும் என்றால் மாட்டோடு போயிருக்கும். கிணற்றுப் பட்டியலை எடுத்தார். பத்து வருடத்துக்கு முன் நாற்பது கிணறு. அடுத்த வருடம் நாற்பத்தொன்று, அதற்கு அடுத்து நாற்பத்திரண்டு, பிறகு நாற்பத்து நான்கு. அப்படியே ஏறி ஐம்பத்து நான்கில் நின்றது. மாட்டுக்குப் போட்ட அதே மூன்றைக் கிணற்றுக்கும் போட்டிருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். கூடின கிணற்றை எந்தக் கிராமத்தில் வைப்பது? அதற்கும் அவர் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆங்கில எழுத்து வரிசையில் முதல் கிராமத்துக்கு முதல் வருடம் ஒன்று, இரண்டாவது கிராமத்துக்கு இரண்டாம் வருடம் ஒன்று என்று பந்தி பரிமாறிக்கொண்டே போயிருந்தார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். தாலுகா, மாவட்டம், மாநிலம், டில்லி, பான் என்று ஐந்து இடத்தில் படித்தவர்கள் அந்த நெய்யைத் தொட்டு நக்கியிருந்தார்கள்.

மக்கள் தொகை மட்டும் வேறு இலாகா எடுத்தது, அது சரியாக இருந்தது. அதுதான் வினையாயிற்று. பன்னீராயிரத்துத் தொள்ளாயிரம் பேரை நாற்பது கிணற்றுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு முந்நூற்று இருபத்திரண்டு பேர். கர்வணுக்குக் கிணறு உண்டு. ஐம்பத்து நான்குக்குப் பங்கிட்டால் இருநூற்று முப்பத்தொன்பது. கர்வணுக்கு ஒரு கிணறும் கிடையாது.

சியாமளா நம்ப முடியாமல் பார்த்தாள். நிஜமாகவே அரசாங்கம் தோண்டியிருக்கலாமே, எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். பாம்பின் கால் பாம்பறியும். விஜயரத்தினம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நானும் உப்பிடித்தான் எழுதினனான், பிள்ளை,” என்றார். “கிராமசேவகற்றை அறிக்கை வராட்டில் போன வருசத்து எண்ணை எடுத்து நூற்றுக்கு ரெண்டு கூட்டுறது. எனக்கு முன்னம் இருந்தவரும் அப்பிடித்தான் செய்தவர். நாங்கள் ரெண்டு. இவர் மூண்டு.”

பிறகு கேட்காமலே ஒன்றைச் சொன்னார். எண்பத்து நான்கின் தொடக்கத்தில் அவருடைய மாவட்டத்தில் ஒரு கரையோரக் கிராமம் காலியாயிற்று. இராணுவம் வந்து குடிசைகளைக் கொளுத்தியது, சனம் ஒரே நாளில் ஓடிவிட்டது. அங்கே இருந்தது நூற்றுப் பதினெட்டுக் குடும்பம். அந்த வருடக் கைநூலில் அவர் எழுதியது நூற்றிருபது. எழுதச் சொல்லி யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அறிக்கை வரவில்லை, ஆகவே இரண்டு கூட்டினார், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கிப் போயிற்று. சியாமளா தாள்களை அடுக்கி வைத்தாள்.

மறுநாள் அவள் தன் பேராசிரியரிடம் போனாள். மனிதர் நல்லவர், ஆனால் தாளுக்குத் தாள்தான் பதில் என்று நினைக்கிற சாதி. அரசாங்க முத்திரையும் கையெழுத்தும் உள்ள பட்டியலைச் சந்தேகத்தின் பேரில் தள்ள முடியாது என்றார். எழுத்து வரிசையில் கிணறு தோண்டும் நிர்வாகங்களும் உலகத்தில் உண்டு, ஜெர்மனியிலேயே நடக்கும் என்றாராம். கடைசியில் ஒரு வழி சொன்னார். இப்படி எழுதும் வழக்கம் உண்டு என்று, அந்த வேலையைச் செய்த ஒருவர் தன் பெயரும் பதவியும் போட்டு ஒரு பக்கம் கையெழுத்திட்டுத் தரட்டும். அதைப் பின்னிணைப்பாக அச்சிட்டு, கர்வணை மட்டும் நிறுத்தி வைத்து, பூனாவிலிருந்து ஆள் அனுப்பி எண்ணச் சொல்லலாம். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது. பெயர் போடாமல் எழுதித் தரலாமா என்று சியாமளா கேட்டாள். பெயர் இல்லாத சாட்சி சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை அவர் வந்ததும் சியாமளா நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“ஒரு பக்கம் போதும், சார். உங்க பேர், போஸ்ட், எத்தனை வருஷம் சர்வீஸ், எப்படிப் பண்ணுவீங்க. அவ்வளவுதான். இங்கிலீஷ்லயே எழுதிக் குடுங்க, நான் டைப் பண்ணிக்கறேன்.”

விஜயரத்தினம் உடனே ஓம் என்று சொல்லவில்லை. செவ்வாய் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு வாசிப்பில் இரண்டு இடத்தில் வரி தவறினார்.

அவருடைய சங்கடம் இன்னதென்று சியாமளாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும். எண்பத்து நான்கில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு, இராணுவ முகாமில் இரண்டு நாள் துப்பாக்கிப் பிடியால் அடி வாங்கியவர் அவர். இடது காது பாதி போயிற்று. அதை அப்படியே முதல் விசாரணையில் சொன்னார். அது அந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக நடப்பது, தனியே உங்களைக் குறிவைத்து நடந்ததல்ல என்று எழுதித் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எல்லோரையும் அடித்தால் அடி இல்லை என்று ஒரு சட்டம். மேன்முறையீடு போடும்போது அவருக்கு மட்டுமே நடந்த கதை ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கதையை அமைக்க உதவியவர் அறைத்தோழர் ஜேசுரட்ணம், மன்னாரில் ஆசிரியராக இருந்தவர். காலியான கிராமத்தில் சனம் இருப்பதாக எழுதும்படி மேலிடம் வற்புறுத்தியது, விஜயரத்தினம் பொய் எண்ணை எழுத மறுத்தார், அதனால் ஆயுதம் ஏந்திய இயக்கத்து ஆள் என்று முத்திரை குத்தித் தேடினார்கள் என்று கதை. அதே கிராமம், அதே நூற்றுப் பதினெட்டுக் குடும்பம். கதையில் அவர் எழுத மறுத்தார், உண்மையில் எழுதினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

வழக்கு பெப்ரவரியில் விசாரணைக்கு வருகிறது. ஏற்றுக்கொண்டால் மனைவி கமலாம்பிகையையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூப்பிடலாம். பெரியவளுக்குப் பதினான்கு, சின்னவளுக்குப் பதினொன்று. ஷெல்லுக்குப் பயந்து அவர்கள் மூன்றாவது வீட்டுக்கு மாறிவிட்டார்கள். தள்ளிவிட்டால் யாரையும் கூப்பிட முடியாது. தான் பத்தொன்பது வருடம் பொய் எண் எழுதியவன் என்று அவரே பெயர் போட்டு ஒரு காகிதம் அச்சில் வந்தால், மறுத்த கதை என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஜேசுரட்ணத்திடம் சொன்னார். ஜேசுரட்ணம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார். அந்தப் புத்தகம் எங்கே அச்சாகிறது, யார் வாசிப்பார்கள், நீதிபதி கிணற்றுப் புத்தகம் வாசிப்பாரா என்றெல்லாம் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிப் பார்த்தார். வாசிக்கமாட்டார் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த நாட்டில் காகிதத்துக்குக் கால் உண்டு, ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், போட்டால் இன்னொரு கந்தோரில் எழும்பும் என்று முடித்தார்.

“தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், அண்ணை,” என்றார். “நீங்கள் உந்தத் தாலுகாவைக் கண்ணாலையும் காணேல்லை. ஊரிலை கிடக்கிற உங்கடை பிள்ளையளைக் கண்டனீங்கள்.”

விஜயரத்தினம் உரித்த கிழங்குகளைக் கழுவிப் பானையில் போட்டார். ஆனால் திங்கட்கிழமை, விடுதியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எழுதினார். ஒரே மூச்சில் ஒரு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அறிக்கை வராத கிராமங்களுக்கு எண் எப்படிப் பிறக்கிறது, வரிசை எப்படிப் பிடிக்கப்படுகிறது, அதைக் கண்டுபிடிக்க எதை எதோடு பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று சுத்தமான அலுவலக ஆங்கிலத்தில் இருந்தது அது. வாழ்க்கையில் அவர் எழுதிய அறிக்கைகளில் அது ஒன்றுதான் முழுக்க உண்மை. எழுதி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

செவ்வாய் இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தார். சியாமளா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“எழுதினனான், பிள்ளை. கையெழுத்துப் போட ஏலாது.”

காரணத்தையும் சொன்னார். ஒளிக்கவில்லை. வழக்கில் சொன்ன கதை, உண்மையில் நடந்தது, பெப்ரவரி, பிள்ளைகள், எல்லாம்.  எல்லாம் கேட்டபிறகு சியாமளா, காகிதத்தை ஒரு தரம் வாசிக்கலாமா என்று மட்டும் கேட்டாள். கொடுத்தார். வாசித்தாள். இவ்வளவு நன்றாக யாரும் இதை எழுத முடியாது என்று சொல்லித் திருப்பித் தந்தாள். அந்தப் பாராட்டு அவருக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். அவளுக்கும் தன் யோசனை இருந்தது. இவருடைய பெயரைச் சொல்லாமல், கேள்விப்பட்டது என்று மறுபடி பேராசிரியரிடம் பேசிப் பார்க்கலாம். மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். இரண்டையும் செய்தாள். பேராசிரியர் தலையசைத்துவிட்டு அச்சகத்தின் தேதியைக் காட்டினார். மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. உதவித்தொகையில் படிக்கிறவள் அதற்கு மேல் மேசையைத் தட்ட முடியாது, தட்டவும் இல்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி வியாழன், அச்சகத்திலிருந்து வந்த பிரதியை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார்கள். எட்டாவது தாலுகாவும் வந்தது. அதைத் தாண்டிப் போக வழியில்லை. விஜயரத்தினம் அதே ராகத்தில் வாசித்தார். கர்வண். கிராமங்கள், இருபத்து மூன்று. மக்கள், ஒன்று இரண்டு ஒன்பது பூச்சியம் பூச்சியம். கிணறுகள், ஐந்து நான்கு. சியாமளா ஐந்து நான்கின்மேல் சரி போட்டாள். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்பதாவது தாலுகாவுக்குப் போனார்கள்.

பெப்ரவரியில் விசாரணை நடந்தது. நீதிபதி வயதானவர், அவசரப்படாதவர். முதல் விசாரணையில் சொல்லாத கதை இப்போது எங்கிருந்து வந்தது என்றுதான் தொடங்கினார். அப்போது அடியைப் பற்றித்தான் கேட்டார்கள், எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றார் விஜயரத்தினம். சரி, இப்போது நான் கேட்கிறேன், பொய் எண் எழுதுவது என்றால் என்ன, எப்படி எழுதச் சொன்னார்கள் என்று நீதிபதி பேனாவைக் கையில் எடுத்தார்.

விஜயரத்தினம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் திணறத் திணறச் சொன்னார். போன வருட எண்ணை எடுப்பது, அதன்மேல் சின்ன வீதம் ஒன்றைக் கூட்டுவது, பிரிக்க முடியாத மிச்சத்தை எழுத்து வரிசையில் ஊர்களுக்குப் பரிமாறுவது, வெள்ளமோ வரட்சியோ யுத்தமோ வந்தாலும் வீதத்தை மாற்றாமல் விடுவது. அதுதான் பொய் எண்ணின் அடையாளம், நிசமான எண் ஒருநாளும் அப்படி ஒழுங்காக இராது என்றார். தன் மாவட்டத்து ஊர்களைச் சொல்லி, கர்வணின் கிணறுகளைக்கூட அங்கே இறக்கிவிட்டார். மடித்து வைத்திருந்த அந்தப் பக்கத்தில் இருந்தது முழுவதும் வாய்வழியாக வெளியே வந்தது. ஒரு வார்த்தைதான் வேறு. செய்தேன் என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாம், செய்யச் சொன்னார்கள், நான் மறுத்தேன் என்றார். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட விவரத்தைக் கற்பனையில் யாரும் சொல்ல முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது சரிதான், கற்பனை இல்லை.

தீர்ப்பு ஏப்ரலில் தபாலில் வந்தது. பதினான்கு பக்கம், வாய்க்கு வராத ஜெர்மன். முதல் பக்கத்தில் வென்றதா தோற்றதா என்பது மட்டும் ஜேசுரட்ணத்துக்குப் புரிந்து, கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார். மீதியை வாசித்துச் சொல்ல விடுதியில் ஆள் இல்லை. வழக்கறிஞரிடம் போனால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். விஜயரத்தினத்துக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கவில்லை. இந்த ஜெர்மனைப் படித்து நல்ல தமிழில் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் போனார்.

சியாமளா மேசையை ஒதுக்கி இடம் செய்தாள். தொகுப்பு அச்சாகி வந்திருந்தது, கட்டுக் கட்டாகச் சுவரோரம் இருந்தது. கிணற்றுப் பட்டியல் முந்திய மாதமே முடிந்துவிட்டது, ஆறு தாலுகாக்களுக்கு வேலை தொடங்குகிறது. கர்வண் அதில் இல்லை. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தீர்ப்பைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து தமிழில் வாசித்தாள். பதினோராம் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு குரலை ஏற்றாமல், இறக்காமல், எண் வாசிப்பதுபோல வாசித்தாள்.

“மனுதாரர் நம்பத்தக்கவர் என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது. பொய்யான எண்கள் எப்படி உருவாக்கப்படுகின்றன என்பதை இவர் விளக்கியதுபோல் விளக்க, அந்த முறையை வெறுத்து எதிர்த்த ஒருவரால் மட்டுமே முடியும். பார்க்காத மக்களைப் பற்றிக்கூடப் பொய் எழுதுவதற்கு அவருடைய மனசாட்சி இடம் தரவில்லை.”

விஜயரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சியாமளா மீதி மூன்று பக்கத்தையும் வாசித்து முடித்தாள். மேன்முறையீட்டுக்கு அரசுத் தரப்புக்கு ஒரு மாதம் உண்டு, அநேகமாகப் போகமாட்டார்கள், அதன்பிறகு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று விளக்கினாள். எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்.

“நான் அண்டைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் உந்தத் தீர்ப்பு வந்திராது. என்ர பிள்ளையள் அங்கைதான். போடாமல் விட்டது பிழையோ, பிள்ளை? நீங்கள் சொல்லுங்கோ.”

சியாமளா தீர்ப்பை ஒழுங்காக மடித்து உறைக்குள் போட்டாள்.

“என்கிட்ட கேக்காதீங்க, சார்,” என்றாள். “எனக்கும் தண்ணி குழாயிலதான் வருது.”

விஜயரத்தினம் உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நேரே தபால் நிலையத்துக்குப் போய்க் கமலாம்பிகைக்குத் தந்தி எழுதினார். வழக்கு வென்றது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து வை என்று ஒரே வரி.  தந்தியை வாங்கிக்கொண்ட பெண் அவர் முகத்தைப் பார்த்து, நல்ல செய்தியா என்று ஜெர்மனில் கேட்டாள். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது. ஆம் என்று சொல்ல வாயெடுத்தார், அந்த ஒரு சொல் வரவில்லை.